கைமாறும் கழுதை: உத்தனப்பள்ளியிலிருந்து பிரெஸ்ஸோனைப் பார்த்தல்

பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் பிரெஸ்ஸோனின் ‘ஓ அஸார் பல்தஸார்’ 1966இல் வெளிவந்தது. 95 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கழுதை வளர்ந்து, கைமாறிக் கைமாறி வேலை செய்து, கடைசியில் செத்துப்போகிறது, கதை இவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்துக்குள் உலகமே இதில் அடங்கியிருக்கிறது என்று சக இயக்குநர் கொதார் வியந்தார். வெனிஸ் விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு பரிசு கொடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை இதற்குப் பொருள் சொல்பவர்கள் ஓயவில்லை. கழுதை கிறிஸ்து என்றார்கள், புனிதர் என்றார்கள், வெறும் கழுதை என்றார்கள். இது பிரான்ஸின் கிராமங்கள் குலைந்த கதை என்றார்கள்.

இத்தனை பொருள்களில் எதற்கு எவ்வளவு எடை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர்–ராயக்கோட்டைச் சாலையில் உள்ள உத்தனப்பள்ளியில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. தக்காளித் தோட்டமும் சிப்காட் தொழிற்பேட்டையும் அருகருகே இருக்கும் ஊர் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும். மாநில எல்லையும் அதிகத் தொலைவில் இல்லை. நிலம், விலங்கு, கடன், எல்லை, கைமாற்றம் என்று படத்தில் வருகிறவற்றில் பலவும் இங்கே அன்றாடச் செய்தி. ஒரு படத்தைப் படிக்க அது பிறந்த நாட்டின் சமயமும் இலக்கியமும் தெரிந்திருப்பது எவ்வளவு உதவுமோ, அதே அளவுக்கு இந்த அன்றாட அறிவும் உதவும். ஆனால் விமர்சன மரபு அதை அதிகம் பொருட்படுத்தியதில்லை.

கதையின் எலும்புகள்

எல்லையோர மலைப்பகுதி ஒன்றில் பிள்ளைகள் ஒரு கழுதைக்குட்டியின் தலையில் நீர் ஊற்றி, நாக்கில் உப்பு வைத்து, பல்தஸார் என்று பெயரிட்டு விளையாட்டாக ஞானஸ்நானம் செய்கிறார்கள். அவர்களில் மரீ உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரின் மகள். ழாக் நிலச் சொந்தக்காரரின் மகன். ழாக்கின் வீட்டில் ஒரு சிறுமி இறந்துபோக, குடும்பம் ஊரைவிட்டுப் போகிறது. நிலத்தை மரீயின் அப்பா எடுத்து நடத்துகிறார். வேறு கைக்குப் போன கழுதை வண்டி இழுத்து, அடி வாங்கி, தப்பி ஓடி மரீயிடம் வந்து சேர்கிறது. பிறகு ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கும் ழெரார் என்ற முரட்டு இளைஞனிடம். பிறகு ஆர்னோல்ட் என்ற குடிகாரனிடம். சர்க்கஸில் கணக்குப் போடும் கழுதையாக. பிறகு கஞ்சத் தானிய வியாபாரியிடம். முடிவில் ழெரார் கும்பல் அதைத் திருடிக் கடத்தல் சரக்கை ஏற்றி எல்லைக்கு ஓட்டுகிறது. சுங்கக்காரர் சுட்ட குண்டு கழுதை மேல் படுகிறது. மறுநாள் காலை ஆட்டு மந்தைக்கு நடுவே அது சாகிறது.

புனிதம் என்ற வாசிப்பு

அதிகம் பேசப்பட்டது சமய வாசிப்பு. அதற்குப் படத்திலேயே சான்று நிறைய. ஞானஸ்நானத்தில் தொடங்குகிறது. கீழைத்தேசத்து ஞானியர் மூவரில் ஒருவரின் பெயர் கழுதைக்கு. பெத்லகேம் தொழுவத்திலும் எருசலேம் பவனியிலும் கழுதை உண்டு. படத்தின் பிற்பகுதியில் ஊர்வலத்தில் பல்தஸார் புனிதப் பொருள்களைச் சுமக்கிறது. கழுதையை இரவல் கேட்டு வரும் ழெராரிடம், அது வயதாகிவிட்டது, உழைத்தது போதும், அது ஒரு புனிதர் என்ற பொருளில் மரீயின் தாய் மறுக்கிறாள்.

பிரெஸ்ஸோனும் இதற்கு இடம் கொடுத்தார். கழுதையின் வாழ்வில் மனித வாழ்வின் கட்டங்களையே வைத்ததாகச் சொன்னார்: சிறுவயதில் வருடல், நடுவயதில் உழைப்பு, பிறகு திறமை, கடைசியில் ஞானம். அது கடந்துபோகும் மனிதர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு தீக்குணம் இருக்கும் என்றார். இறுமாப்பு, பேராசை, குடி, கொடுமை என்று வரிசைப்படுத்திவிடலாம். தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலில் இளவரசர் மிஷ்கின், பாசல் நகரச் சந்தையில் கேட்ட கழுதைக் கத்தலால் தன் மனம் தெளிந்ததாகச் சொல்லும் இடமும் படத்துக்கு விதை. 1972இல் பால் ஷ்ரேடர், இயக்குநர்கள் ஓஸூ, பிரெஸ்ஸோன், டிரையர் மூவரையும் சேர்த்து ‘கடந்தநிலைப் பாணி’ பற்றி எழுதிய நூல் இந்த வாசிப்புக்கு ஒரு சட்டகம் தந்தது. அதில் அவர் முதன்மையாக ஆராய்ந்தவை பிரெஸ்ஸோனின் சிறைப் படங்கள்தாம். ஆனாலும் சட்டகம் பல்தஸார் மேலும் ஏறிக்கொண்டது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது அந்நியமான வாசிப்பு அல்ல. எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் இங்கே உண்டு. ஊர்வலமும் புனிதர் வணக்கமும் அங்கே வாழ்க்கையின் பகுதி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புனிதர் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டால், கழுதை பட்ட ஒவ்வொரு அடியும் முன்பே எழுதப்பட்ட சிலுவைப்பாதையின் ஒரு நிலையாகிவிடும். அடித்தவர் யார், எதற்கு, என்ன கூலிக்கு என்ற கேள்விகள் அத்தோடு அவிந்துபோகும். தாய் அந்தச் சொல்லைச் சொல்வது படத்தின் கடைசிப் பகுதியில்தான். மகளையும் கணவனையும் இழந்து, கையில் இந்த ஒரு விலங்கு மட்டும் மிஞ்சிய பிறகு. பிரெஸ்ஸோன் தள்ளிப்போட்டதை நாம் முன்னுக்கு இழுக்கக் கூடாது.

கையும் காலும் சத்தமும்

இரண்டாவது மரபு வடிவத்தைப் பார்ப்பது. பிரெஸ்ஸோன் தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்தார். தம் படங்களில் வருவோரை ‘மாதிரிகள்’ என்று அழைத்தார். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, குரலில் இருந்த நடிப்பு வடிந்த பிறகே ஏற்றுக்கொள்வார். மனிதக் கண்ணின் பார்வைக்கு நெருங்கிய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு நிறைவடைந்தார். இந்தக் கொள்கைகளை 1975இல் சிறு குறிப்புகளாக நூலாக்கினார். விமர்சகர் ஆந்த்ரே பாஸான் 1951லேயே அவருடைய ‘ஒரு கிராமப் பாதிரியாரின் நாட்குறிப்பு’ படத்தை முன்வைத்து இந்தச் சிக்கனத்தை விளக்கினார். சூசன் சாண்டாக் 1964இல், உணர்ச்சியை உடனே எழுப்பாமல் தள்ளிநிறுத்தும் கலை என்று இதைப் பகுத்தார்.

தமிழ்ப் படங்களில் ஊறிய பார்வையாளருக்கு முதல் இடறல் இங்கேதான். அழவேண்டிய இடத்தில் முகம் அழுவதில்லை. பின்னணி இசை கைகாட்டுவதில்லை. எழுத்துகள் ஓடும்போது ஷூபர்ட்டின் பியானோ சொனாட்டா ஒலிக்கிறது. நடுவே கழுதையின் கத்தல் அதை வெட்டுகிறது. பிறகு இசை தொடர்கிறது. படத்தின் ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு வெட்டில் இருக்கிறது: அழகும் அலறலும் ஒன்றையொன்று சமாதானப்படுத்தாமல் அடுத்தடுத்து வரும். முகத்தைக் காட்டவேண்டிய இடத்தில் கை வருகிறது, கால் வருகிறது, லாடம் அடிக்கும் சத்தம் வருகிறது. பெரிய நிகழ்ச்சிகள் இரண்டு காட்சிகளுக்கு நடுவே நடந்து முடிந்துவிடுகின்றன. விளைவை முதலில் பார்த்து, காரணத்தைப் பார்வையாளர்தான் கோக்க வேண்டும்.

இந்த முறையின் உச்சம் சர்க்கஸ் காட்சி. பல்தஸார் வைக்கோல் வண்டியை இழுத்துக்கொண்டு கூண்டுகளைக் கடந்து போகிறது. புலி, பனிக்கரடி, குரங்கு, யானை. ஒவ்வொன்றின் கண், பிறகு கழுதையின் கண். வசனம் இல்லை, இசை இல்லை. சிலர் இதில் ஊமைத் துயரத்தின் கூட்டணியைக் கண்டார்கள். சிலர் வெறும் படத்தொகுப்பு என்றார்கள். உத்தனப்பள்ளிக்காரர்கள் கொஞ்சம் வேறாகப் பார்க்கலாம். ஓசூரை ஒட்டிய சானமாவுக் காட்டில் குளிர்காலத்தில் யானைக் கூட்டங்கள் வந்து தங்கும். ராகி வயலில் இறங்கும். வனத்துறையினர் இரவெல்லாம் விரட்டுவார்கள். யானையின் பார்வைக்கு உள்ளர்த்தம் கற்பிக்கிற வசதி அந்த வயல்காரருக்குக் கிடையாது. யானை நினைப்பது தெரியாது, ஆனாலும் அதைக் கணித்தே வாழவேண்டும் என்பது அவர் அறிவு. பிரெஸ்ஸோன் கேட்பதும் அதைத்தான். கழுதை என்ன நினைக்கிறது என்று படம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. அதன் கண்ணில் நாம் காணும் துயரம் நாம் கொண்டுபோய் வைத்தது. இதற்காகவே அவர் பழக்காத கழுதையை எடுத்துக்கொண்டார்; கணக்குப் போடும் வித்தைக்கு மட்டும் பின்னால் பழக்கினார்கள்.

நிலமும் பணமும் எல்லையும்

மூன்றாவது வாசிப்பு குறைவாகவே செய்யப்பட்டது. இங்கிருந்து பார்த்தால் அதுவே அதிகம் தருவது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் பிரான்ஸின் வேளாண்மை இயந்திரமயமானது. சிறு விவசாயிகள் கூட்டம் கூட்டமாக நிலத்தை விட்டார்கள். படம் அந்த ஆண்டுகளின் நடுவில் எடுக்கப்பட்டது. ழெராரின் கையில் டிரான்சிஸ்டர், தொடைக்கடியில் மொபெட், உடம்பில் தோல் ஜாக்கெட். அவன் கும்பல் சாலையில் எண்ணெய் ஊற்றி, கார்கள் வழுக்கிச் சுழல்வதை வேடிக்கை பார்க்கிறது. கழுதை வண்டியை ஊர் கேலி செய்கிறது, பழங்காலம் என்று.

மரீயின் அப்பா கதை இன்னும் கூர்மையானது. பிறர் நிலத்தைப் புதிய முறையில் உழுது நன்றாக நடத்துகிறார். ஊருக்குப் பொறாமை. கணக்கில் கைவைத்தார் என்று மொட்டைக் கடிதமும் வதந்தியும் கிளம்புகின்றன. கணக்கைக் காட்டினால் முடிந்துவிடும். தன்மானத்தால் காட்ட மறுக்கிறார். வழக்கு, தோல்வி, நொடிவு. சமய வாசிப்பில் இது இறுமாப்பு என்ற பாவம். நிலத் தகராறு பார்த்த எவருக்கும் இதில் இன்னொன்றும் தெரியும்: உழைத்தவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பேரில், நம்பிக்கையின்மேல் நடந்த ஏற்பாடு காகிதத்தின்முன் நிற்கவில்லை.

உத்தனப்பள்ளியில் நிலம் இன்று சூடான பேச்சு. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் ஐந்தாவது சிப்காட்டுக்காகச் சுமார் 3,000 ஏக்கரைக் கையகப்படுத்தும் திட்டத்தை எதிர்த்து, 2023 தொடக்கத்தில் விவசாயிகள் நாள்கணக்கில் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். மூன்று போகம் விளையும் மண் என்பது அவர்கள் வாதம்; வேலைவாய்ப்பு என்பது அரசின் வாதம். எல்லையும் அப்படியே. கர்நாடக மது இந்தப் பக்கமும், ரேஷன் அரிசி அந்தப் பக்கமும் கடத்தப்பட்டுப் பிடிபடும் செய்தி இங்கே வாடிக்கை. கடத்தலில் முதலாளி சிக்குவது அபூர்வம், சிக்குகிறவர் ஓட்டுநரோ சுமைகாரரோதான் என்பதும் தெரிந்த கதை. துப்பாக்கி வெடித்ததும் ழெரார் ஓடிவிடுகிறான். சுமந்த கழுதை நிற்கிறது. அந்தக் காட்சியில் தியாகத்தைப் பார்ப்பவர் பார்க்கட்டும். அதற்கு முன்னால் தொழில் நடக்கும் விதம் அதில் இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உள்ளூர் அறிவு வழுக்கவும் வைக்கும். பல்தஸாரை நில எடுப்பு எதிர்ப்புப் படமாக மாற்றிவிடுவது, அதைச் சிலுவைப்பாதையாக மட்டும் சுருக்குவதைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல. பிரெஸ்ஸோன் கிராமத்தைப் போற்றவில்லை. அங்கேதான் கொடுமை முழுவதும் நடக்கிறது.

மரீ

கழுதையைப் பற்றிப் பேசிப் பேசி மரீயை மறந்தவர்கள் பலர். அவள் வாழ்வும் கழுதையின் வாழ்வும் ஒன்றையொன்று தொடர்ந்து போகின்றன. ழெரார் அவளை வசப்படுத்துகிறான், இழிவுபடுத்துகிறான்; அவள் திரும்பத் திரும்ப அவனிடமே போகிறாள். ஏன்? பாவம் என்று சொன்னால் பதில் ஆகாது. மழை இரவில் அவள் தானிய வியாபாரி வீட்டில் ஒதுங்கும் காட்சியைப் பார்க்க வேண்டும். பசியோடு ஜாடியிலிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறாள்; தோளைத் தொடும் அவன் கையைத் தட்டிவிடுகிறாள்; அவன் பணத்தின் மகிமையைப் பேசுகிறான். அப்பாவின் வறட்டுக் கௌரவம், வீட்டின் வறுமை, திரும்பி வரும் ழாக்கின் சலிப்பூட்டும் நல்ல தன்மை, ஊரைவிட்டுப் போக வழியின்மை ஆகிய நான்கும் அவளைச் சுற்றி நிற்கின்றன. முடிவில் கும்பல் அவளை அடித்து, ஆடையைப் பறித்து, ஒரு பாழ்வீட்டில் பூட்டிவிட்டுப் போகிறது. பிறகு அவள் படத்தில் இல்லை. போய்விட்டாள் என்று தாய் சொல்வதோடு சரி.

மரீயாக வந்தவர் ஆன் வியாஸெம்ஸ்கி. எழுத்தாளர் பிரான்ஸுவா மொரியாக்கின் பேத்தி. படப்பிடிப்பின்போது பதின்வயது முடியவில்லை. 2007இல் அந்த நாள்களைத் தன்வரலாற்று நாவலாக எழுதினார்; தன்னைத் தனியே அடைத்துவைத்ததுபோல் நடத்திய, உரிமை கொண்டாடிய ஒரு முதிய இயக்குநரை அதில் காணலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘மாதிரிகள்’ என்ற கொள்கையைத் தூய அழகியலாக மட்டும் பேச முடியாது. உத்தனப்பள்ளி வட்டாரத்து மின்னணு ஆலையில் வேலை செய்ய வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியேறிச் சம்பாதிக்க வழி கிடைத்த பெண், மரீயின் நெருக்கடியை எப்படிப் பார்ப்பாள்? பிரெஞ்சு விமர்சகர் எவரும் கேட்டிராத கேள்விகள் அவளிடம் இருக்கலாம்.

கழுதை, கழுதையாகவே

அண்மையில் வலுத்தது விலங்கை விலங்காகப் பார்க்கும் வாசிப்பு. போலந்து இயக்குநர் யெர்ஸி ஸ்கோலிமோவ்ஸ்கி பல்தஸாரின் தூண்டுதலில் 2022இல் ‘ஈஓ’ எடுத்தார். கான் விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அங்கே கழுதைக்குக் கனவும் நினைவும் உண்டு. பிரெஸ்ஸோன் அவற்றைக் கொடுக்க மறுத்தார். மறுப்பே மரியாதை என்பது என் எண்ணம்.

இந்தியாவில் கழுதை மறைந்துவருகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 1.2 லட்சம் கழுதைகளே. 2012ஐவிட 61 விழுக்காடு குறைவு. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் கோட்டூர் மலைக்குத் தேர்தல்களின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைதான் சுமந்து போயிருக்கிறது. சாலை போடாத ஜனநாயகத்துக்குக் கழுதை தேவைப்பட்டது. இந்தப் பகுதியின் பழம்பாடலிலும் கழுதை உண்டு: தகடூர் அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (392), வென்ற பகைவரின் மண்ணைக் கழுதை பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைத்த செய்தி வருகிறது. அவமதிக்க வேண்டிய நிலத்தில் கழுதை ஏர். தான் சுமக்கும் இழிவு தனக்குத் தெரியாத விலங்கு. பிரெஸ்ஸோனுக்கு வேண்டியிருந்ததும் இதுவே.

தமிழில் நடந்தது

பல்தஸாருக்குத் தமிழில் ஒரு மறுமொழி உண்டு. ரித்விக் கட்டக்கின் மாணவரான மலையாளி ஜான் ஆபிரகாம் 1977இல் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ பிரெஸ்ஸோன் படத்தின் தூண்டுதலில் பிறந்தது. எழுதியவர் வெங்கட் சாமிநாதன். தாயை இழந்த கழுதைக்குட்டியைப் பேராசிரியர் நாராயணசாமி (எம்.பி. சீனிவாசன்) வளர்க்கிறார், கல்லூரியில் கேலி எழவே தன் அக்ரஹாரத்தில் விடுகிறார், வாய்பேச முடியாத உமா பார்த்துக்கொள்கிறாள். ஊரின் குற்றங்கள் எல்லாம் கழுதை தலையில் விழுகின்றன, அடித்துக் கொல்கிறார்கள். அதன்பின் அற்புதங்கள் நடக்கத் தொடங்க, கொன்றவர்களே அதற்குக் கோயில் கட்ட முனைகிறார்கள். தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஆனால் எதிர்ப்புக்கு அஞ்சித் தூர்தர்ஷன் அறிவித்த ஒளிபரப்பைக் கைவிட்டது.

இரு படங்களும் பிரியும் இடம் முக்கியமானது. பிரெஸ்ஸோனிடம் புனிதம் ஒரு தாயின் வாயில் ஒரு சொல். ஊருக்கு அது தெரியாது. ஜானிடம் புனிதம் ஊர்கூடிச் செய்யும் காரியம், அதுவும் கொலையை மூடுவதற்கு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. செத்தவருக்குக் கல் நட்டு வணங்கும் மரபை இங்கே வயலோரங்களில் பார்க்கலாம். மாண்டவரை மறவாதிருக்கும் மரபு அது. ஆனால் கொன்றவர்களே கும்பிடும் கதைகளும் தமிழ்நாட்டுத் தெய்வங்களிடையே ஏராளம். ஜான் கைவைத்தது அந்தப் பின்பகுதியில். அதனால்தான் அவர் படம் அங்கதமாகி, அக்ரஹாரம் தீப்பற்றி எரிவதில் முடிகிறது. பிரெஸ்ஸோன் படம் அங்கதமாவதில்லை.

எல்லைக்கு அப்பாலும் ஒரு துணைச் சான்று உண்டு. தெலுங்குக் கவிஞர் பட்டாபிராம ரெட்டி 1970இல் கன்னடத்தில் எடுத்த ‘சம்ஸ்காரா’வும் அக்ரஹாரத்து அழுகலைப் பற்றியதே. சென்னைத் தணிக்கைக் குழு முதலில் தடுத்தது. பிறகு அதுவே தேசிய அளவில் சிறந்த படமாயிற்று. தெலுங்கர் கன்னடத்தில் எடுத்த படத்துக்கும் மலையாளி தமிழில் எடுத்த படத்துக்கும், மூன்று மொழி பேசும் உத்தனப்பள்ளி இயல்பான வாசகர்.

எங்கே, எப்படிப் பார்ப்பது

தமிழில் உலக சினிமாப் பழக்கம் பெருநகரங்களில் வளர்ந்தது. 1957இல் அம்மு சுவாமிநாதன் தொடங்கிய மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டி, அல்லியான்ஸ் பிரான்சேஸ் அரங்குகள், சிறுபத்திரிகைகள், ஆனந்த விகடனில் வந்த செழியனின் ‘உலக சினிமா’ தொடர் என்று ஒரு வரிசை. ஓசூர்க்காரர்களுக்குச் சென்னையைவிட பெங்களூர்தான் பக்கம். 1971இல் தொடங்கிய சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி அங்கே இருக்கிறது. ஆனால் ஷிப்ட் முடிந்தவர் பஸ் பிடித்து நகரத்துக்குப் போக வேண்டும் என்பது நடக்காத காரியம். ஜான் ஆபிரகாமின் ஒடேஸா குழு கேரளத்துக் கிராமங்களில் மக்களிடமே காசு திரட்டிப் படம் எடுத்து, 16 மி.மீ. புரொஜெக்டரோடு ஊர் ஊராகப் போய்க் காட்டியது. இன்று ஒரு லேப்டாப்பும் வெள்ளைச் சுவரும் போதும். பல்தஸாரில் வசனம் சொற்பம் என்பதால் மொழித் தடையும் குறைவு.

படம் முடிந்ததும் பேச்சு எந்தக் கேள்வியில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். கழுதை எதன் குறியீடு என்று தொடங்கினால், படித்தவர் நால்வர் பேசுவார்கள்; மற்றவர் வாயடைத்துப் போவார்கள். கழுதை எத்தனை கை மாறியது, ஒவ்வொருவரிடமும் என்ன வேலை, மாற்றியவர் எதற்காக மாற்றினார், காசு யாருக்குப் போனது என்று தொடங்கினால், மாடு வைத்திருப்பவரும் நிலம் விற்றவரும் ஆலையில் வேலை செய்பவரும் பேசுவார்கள். அவர்கள் சொல்வதைக் கோத்துப் பார்த்தால் வடிவமும் புலப்படும். ஏனெனில் பிரெஸ்ஸோன் முகத்தை ஒதுக்கிக் கையைக் காட்டியது இந்தக் கைமாற்றத்தைக் காட்டத்தான். மரீ ஏன் திரும்பிப் போனாள் என்பது அடுத்து வரும். புனிதம் கடைசியில் வரட்டும். இவ்வளவையும் பேசிய பிறகும் அந்தத் தாய் சொன்ன சொல் மிச்சம் நிற்குமானால், அதை நம்பலாம். எந்தச் சட்டகமும் தராமல், பார்த்ததிலிருந்தே கிடைத்ததாக இருக்கும்.